எட்டுப் படிக்கு இரண்டு கிடாரம் சுடுதண்ணீர்

எனக்குக் கோபம் குறைவு. பொய் குறைவு. கோள் சொல்லும் பழக்கம் அறவே இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை, நாற்பது வருடத்துக்கு மேலாக என்னோடு குடும்பம் நடத்துகிற இவர் சொல்வது. ஆனால் இவரே அடுத்த வாயில், "எரிச்சல் மட்டும் கொஞ்சம் கூட" என்றும் சொல்லிவிடுவார். (எரிச்சல் என்று நாங்கள் சொல்வது பொறாமையைத்தான். கொஞ்சம் என்று இவர் சொல்வது மரியாதைக்காக.) நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் நான் ஒன்றையும் கூட்டவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் கழிந்த காலம். ஒஸ்லோவில் ஹொல்ம்லியா என்ற பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். இருந்தோம் என்ன, இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். எங்கள் வாசலுக்கு எட்டு வீடு. கட்டடம் மேட்டில் நிற்பதால் வாசலிலிருந்து தெருவுக்கு எட்டுக் கற்படி இறங்க வேண்டும். வீட்டுக்கு ஒரு படி என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவில் ஓய்வுபெற்ற ஒரு நோர்வே மனிதர் இருந்தார். கார்த்திகை பிறந்ததும் ஸ்பெயினுக்குப் போய்விடுவார். சித்திரை கழிய, வேகவைத்த இறால் நிறத்தில் திரும்பி வருவார். அவர் இல்லாத மாதங்களில் அந்த வீட்டை சுவீடனிலிருந்து வருகிற இரண்டு பெட்டைகளுக்கு வாடகைக்கு விடுவார். ஒருத்தி லின்னேயா, நெடுவல். மற்றவள் ஃப்ரீடா, கட்டை. பனிச் சறுக்குமலையடியில் பிள்ளைகளுக்குச் சறுக்குக்கட்டை கொடுத்து வாங்குகிற வேலை. பனியோடு வருவார்கள், பனி கரையப் போய்விடுவார்கள்.

வருவது என்றால் எப்படி வருவது? நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு மூன்று நாட்டு விமான நிலையத்தில் படுத்து, நான்கு பேருக்கு முன்னால் ஒரே கதையைச் சொல்லி, ஒன்றரை வருடம் கடிதத்துக்குக் காத்திருந்தோம். அவளவை, அந்தப் பெட்டைகள் இரண்டு பேரும், காலையில் சுவீடனில் ரயில் ஏறி, ஒரு நித்திரை கொண்டு எழும்ப ஒஸ்லோ. கடவுச்சீட்டைக்கூட யாரும் கேட்பதில்லை. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது இங்கர் விசயம்.

இங்கர் எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்த நோர்வே மனுசி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கையில் ஒரு தடி, தலையில் எப்போதும் ஒரு நீலக் கம்பளித் தொப்பி. ஒவ்வொரு வியாழனும் பதினொரு மணிக்கு நான் அவர் வீட்டில் கோப்பி குடிப்பேன். இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே நோர்வே சிநேகிதி அவர்தான். ஏனென்று சொல்கிறேன். நான் நொஸ்கில், அதுதான் இவர்களுடைய பாஷையில், ஒரு வசனம் தொடங்கினால் முடிய நேரமாகும். ஒரு சொல்லைத் தேடிப் போவேன், அது கிடைக்கும்போது கையிலிருந்த மற்றச் சொல் தொலைந்திருக்கும். மற்றவர்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு, என் வசனம் முடிய முதல் ரயிலில் ஏறிவிடுவார்கள். இங்கர் மட்டும் கோப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார். கோப்பி ஆறினாலும் காத்திருப்பார்.

அவளவை வந்த மூன்றாவது குளிர்காலம் ஒரு வியாழன், நான் சுடச்சுட ரோல்ஸ் பொரித்துக்கொண்டு கீழே போனால், இங்கர் வீட்டு மேசையில் சுவீடன்காரிகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஃப்ரீடா இருந்தது யன்னலோரக் கதிரையில். அது என்னுடைய கதிரை. (பெயர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.)

லின்னேயா ஏதோ கதை சொல்கிறாள். ஒரு காட்டு மான், கடைவாசல், ஒரு தள்ளுவண்டி, இவ்வளவும் எனக்கு விளங்கியது. இங்கர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார், தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன், அரை நிமிடம் பிந்தி. அவளவை நொஸ்க் ஒரு எழுத்துப் படித்தவளவை அல்ல. தங்கள் சுவீடன் பாஷையில் வெளுத்து வாங்குகிறார்கள், இங்கர் தன்னுடைய பாஷையில் மறுமொழி சொல்கிறார், ஒருவருக்கும் ஒரு சிக்கலும் இல்லை. பதினைந்து வருடம் நொஸ்க் வகுப்புக்குப் போனவள் நான் ஒரு மூலையில் ரோல்ஸ் தட்டோடு நிற்கிறேன்.

மேலே வந்து இவரிடம் சொன்னேன்.

"அது அப்பிடித்தானப்பா. ரெண்டும் அக்கா தங்கச்சிப் பாஷை" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

"அப்ப நாங்கள் ஆற்றை பிள்ளையள்?"

"நாங்கள் கலியாணம் முடிச்சு வந்தனாங்கள். நீர் கொஞ்சம் பொறும்."

பொறுத்தேன். அடுத்த வியாழனும் அவளவை வந்தார்கள், கறுவாப்பட்டை போட்ட பணிஸ் கொண்டு. இங்கர் இரண்டு சாப்பிட்டார். என் ரோல்ஸில் எப்போதும் பாதிதான் சாப்பிடுவார், "நல்லாயிருக்கு, கொஞ்சம் உறைப்பு" என்று சொல்லிக்கொண்டு. நான் அடுத்த முறை மிளகாய் போடாமல் செய்து கொண்டுபோனேன். முப்பது வருடமாகச் சமைக்கிற கை, ஒரு சுவீடன் பணிசுக்காக மிளகாயைக் கைவிட்டது. அதிலும் இங்கர் பாதிதான் சாப்பிட்டார்.

இதெல்லாம் போதாதென்று படி வேறு. தை மாதம் பனி பெய்து, மிதிபட்டு, எட்டுப் படியும் ஐஸ் பிடித்துக் கிடந்தது. லின்னேயா காலையில் ஒரு நீண்ட இரும்புக் கம்பியோடு வந்து, டங் டங் என்று ஐஸைக் கொத்தி, கால் வழுக்காமல் சின்னக் கல் தூவிவிடுவாள். இங்கர் யன்னலில் நின்று பார்ப்பார். ஒருநாள் என்னிடமே சொன்னார். (அவர் நொஸ்கில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் இப்படித்தான் கதைத்திருப்பார்.)

"இந்தப் பெட்டையள் வந்தாப் பிறகுதான் எனக்குப் படியாலை இறங்கப் பயமில்லை. வாற வியாழன் என்னைச் சறுக்குமலை பாக்கக் கூட்டிக்கொண்டு போகினமாம். பத்து மணிக்குக் கார் கொண்டு வருவினம். நாங்கள் கோப்பியைப் பிறகு ஒருநாள் குடிப்பமே?"

பிறகு ஒருநாள். பல வருட வியாழனில் முதல்தரம். புதன்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவே முடிவெடுத்தேன். இங்கர் அவளவையோடு போனால் போகட்டும், ஆனால் என்னுடைய படியால் இறங்கிப் போகட்டும். அவள் கம்பியால் அரை மணித்தியாலம் கொத்துகிற ஐஸை, நான் அரை நிமிடத்தில் இல்லாமல் செய்து காட்டுகிறேன். ஐஸுக்கு எதிரி என்ன? சூடு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா?

வியாழன் காலை எங்கள் வீட்டு இரண்டு பெரிய கிடாரத்திலும் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தேன். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் எடுக்கிற கிடாரங்கள். இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா, ஆற்றை கலியாணம்?"

"படி கழுவப் போறன்."

"வெளிப்படியோ? வெளியிலை மைனஸ் பதினாலு. தண்ணி உறைஞ்செல்லோ போம்."

"பச்சைத்தண்ணிதான் உறையும். இது சுடுதண்ணி."

இவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அன்று மூடிய அந்த வாயை, அதற்கும் சேர்த்து, இவர் பிறகு இன்றுவரை மூடவில்லை.

ஒன்பது மணியளவில் முதல் கிடாரத்தை மேற்படியில் வைத்து மெல்லச் சரித்தேன். புகை எழும்பியது, கோயிலில் தூபம் காட்டினமாதிரி. ஐஸ் பொருபொருத்து, நழுவி, கரைந்து ஓடியது. இரண்டாவது கிடாரமும் ஊற்றினேன். லின்னேயா தூவிய கல்லெல்லாம் அடித்துக்கொண்டு கீழே போய்விட்டது. எட்டுப் படியும் கட்டின அன்று இருந்தமாதிரிக் கறுத்துப் பளபளத்துக்கொண்டு கிடந்தன. அவ்வளவு அழகான படியை அந்தத் தெருவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் மனம் நிறைந்து, வெறுங்கிடாரங்களை வாசலுக்குள்ளே வைத்துவிட்டு, நல்ல உடுப்பு உடுத்த மேலே போனேன். இங்கர் படியிறங்கி, "இது ஆர் செய்தது?" என்று கேட்கும்போது நான் பழைய சுவெற்றரோடு நிற்கலாமா?

சேலை உடுத்து, மேலங்கி போட்டு, பொட்டு வைத்து இறங்க முக்கால் மணித்தியாலம் போய்விட்டது.

வாசற்கதவைத் திறந்தபோது முதலில் கண்டது தபால்காரரை. அவர் கீழே இருந்தார். நிற்கவில்லை, இருந்தார். கடைசிப் படிக்கு அப்பால் பனியில் காலை நீட்டி, சுற்றிவரக் கடிதங்களோடு, யோசித்துக்கொண்டு இருந்தார். படிகள் இன்னும் பளபளத்துக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அது ஈரப் பளபளப்பு அல்ல. எட்டுப் படியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கண்ணாடிச் சரிவாகிக் கிடந்தது. முந்தி ஐஸிலே மேடு பள்ளம் இருந்தது, கல் இருந்தது, கால் பிடித்தது. இப்போது ஒன்றுமில்லை. நான் எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவிவிட்டேன்.

அந்த நேரம் பின்னால் இங்கருடைய வீட்டுக் கதவு திறந்தது. தடி டொக் டொக் என்று வருகிறது. தலையில் நீலத் தொப்பி, முகத்தில் சுற்றுலாப் போகிற சந்தோசம். எனக்குப் பக்கத்தால் விலத்தி, வெளியே காலை வைக்கப்போகிறார்.

"நில், வழுக்கும்" என்று நொஸ்கில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். பதினைந்து வருடத்து நொஸ்க் முழுவதும் அந்த நொடியில் என்னைவிட்டுப் போய்விட்டது. வாயில் வந்தது இதுதான்:

"எணேய், வராதையணை, செத்துப்போவாய்."

இங்கர் உடனே நின்றார். அந்தரத்தில் இருந்த காலைப் பின்னுக்கு எடுத்தார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரு வசனம் அவருக்கு முதல் முறையிலேயே முழுசாக விளங்கியது அன்றுதான், அதுவும் சுத்தத் தமிழில்.

ஆனால் அவரை மறிக்கக் கை நீட்டினேன் அல்லவா, அந்த வேகத்தில் என் கால் வாசலைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்த இருப்பில் எட்டுப் படியும் இறங்கினேன். சேலை கட்டி ஒருவர் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. தபால்காரர் புத்திசாலி, உருண்டு விலகிவிட்டார். காரை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்த லின்னேயாவும் ஃப்ரீடாவும் விலகவில்லை. இரண்டு பேரையும் காலோடு அடித்து வீழ்த்தி, அவர்களுக்கு மேலே போய் நின்றேன். நின்றேன் என்பது சரியான சொல் அல்ல.

அவளவைக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு வலக்கை மணிக்கட்டு முறிவு.

அன்று இங்கர் ஆசைப்பட்ட சுற்றுலா நடந்தது, சறுக்குமலைக்கல்ல, அவசர வைத்தியத்துக்கு. ஃப்ரீடா கார் ஓட்ட, லின்னேயா மறுபடி கல் தூவிக் கைபிடித்து இறக்கிய இங்கர் முன் இருக்கையில் என் கைப்பையை மடியில் வைத்திருக்க, லின்னேயா பின்னால் என் கையைத் தன் சால்வையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாதி வந்து கேட்டதற்கெல்லாம் அவள்தான் சுவீடன் பாஷையில் மறுமொழி சொன்னாள். தாதிக்கும் உடனே விளங்கியது. கை முறிந்த வலியோடு கிடந்தும் எனக்கு அது குத்தியது. "எப்பிடி விழுந்தவ?" என்று தாதி கேட்க, "வழுக்கி" என்றாள் லின்னேயா. வேறொன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகளில் எரிச்சல்படுவது பெரிய உடல்வருத்தம், கெட்டவர்களில் படுவது எவ்வளவோ சுகம்.

அடுத்த வியாழன் கையில் மாக்கட்டோடு இங்கர் வீட்டுக்குப் போனேன். அவளவை இல்லை. யன்னலோரக் கதிரை எனக்காகக் காத்திருந்தது. இங்கர் பிஸ்கற்றைக்கூட எனக்காக உடைத்துத் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கட்டடக் கமிற்றிக்குச் சரியான கோவம். ஆரோ படியிலை சுடுதண்ணி ஊத்தியிருக்கினமாம். அந்தச் சுவீடன் பெட்டையள்தானாம். ஒவ்வொரு நாளும் படியோடை மினக்கெடுறது அவைதானே. ஸ்பெயினிலை இருக்கிற மனுசனுக்குக் கடிதம் எழுதப் போகினம். இனி அவைக்கு வீடு குடுக்க வேண்டாமெண்டு."

பிஸ்கற் என் வாயில் பாதியில் நின்றது.

இதைக் கேட்டு நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் நினைத்தது, பிள்ளையார் கேட்டுவிட்டார் என்று. நான் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. கோப்பியைக் குடித்துக்கொண்டு இருந்தால் போதும். வருகிற கார்த்திகையில் எதிர்க்கதவு பூட்டியிருக்கும், கதிரை என்னுடையதாக இருக்கும், வியாழன் என்னுடையதாக இருக்கும். லின்னேயா என் கையைத் தாங்கிய சால்வையும் கண்ணுக்குள் வந்துதான் போனது. ஆனாலும் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.

அப்போது இங்கர் தனக்குள்ளே சிரிக்கத் தொடங்கினார்.

"மைனஸ் பதினாலிலை சுடுதண்ணி. விசர்ப் பெட்டையள். ஆனா பார், இப்பிடி ஒரு யோசினை வேறை ஆருக்கு வரும்? எனக்கு நினைக்க நினைக்கச் சிரிப்பு வருது." தொடையில் தட்டினார். கண்ணைத் துடைத்தார். அவளவையை நினைத்து, அவ்வளவு ஆசையாக.

என்னால் தாங்க முடியவில்லை. குற்றம் அவளவைக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன், சரி. அந்தச் சிரிப்பு என்னுடையது. நான் அதிகாலையில் எழும்பி, இரண்டு கிடாரம் தண்ணீர் காய்ச்சி, கையை முறித்து உழைத்த சிரிப்பு. அதையும் சுவீடனுக்குக் கொடுப்பதா?

"நான்" என்றேன் நொஸ்கில். "என்ரை தண்ணி. ரெண்டு பெரிய பானை."

என் வசனம் ஒன்று அவ்வளவு கெதியாக முடிந்தது அதுவே முதல்தரம். இங்கர் என் முகத்தைப் பார்த்தார். மாக்கட்டைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நீலத் தொப்பி கழன்று கோப்பிக்குள் விழுந்தது. காட்டு மான் கதைக்குச் சிரித்ததைவிட இது கூட. நான் அளந்துதான் சொல்கிறேன்.

சிரித்து முடிய, "ஏன் ஊத்தினாய்?" என்று கேட்டார்.

அந்த வசனம் நீண்ட நேரம் எடுத்தது. ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினேன். "நீ அவையோடை சிரிக்கிறாய். என்னோடை காத்துக்கொண்டிருக்கிறாய்."

இங்கர் தொப்பியைப் பிழிந்தார். "பின்னை? நீ சொல்லி முடிக்காமல் நான் எப்பிடிச் சிரிக்கிறது?"

நான் அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருக்க, அவர் கோப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

அன்று மாலையே இவரையும் கூட்டிக்கொண்டு கமிற்றித் தலைவரிடம் போய்ச் சொன்னேன். இளம் பெடியன், தாடி வைத்தவன். நான் எதிர்பார்த்தமாதிரி ஏசவில்லை. கன்னம் சிவந்தது, ஆனால் வெட்கத்தில். படியைப் பற்றிய குளிர்கால விதிகளை இதுவரை நொஸ்கில் மட்டும் ஒட்டியது கமிற்றியின் பிழை என்று சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டான். ஸ்பெயினுக்குக் கடிதம் போகவில்லை. சுவீடன்காரிகளிடமும் சொன்னேன். "தெரியும்" என்றாள் லின்னேயா. "கிடாரம் ரெண்டும் எங்கடை குளியலறையிலை கிடக்கு. அண்டைக்கே, ஆரும் பாக்க முதல் ஃப்ரீடா தூக்கிக்கொண்டு ஓடினவள்." கழுவித் துடைத்துத்தான் தந்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு அவளவையில் எரிச்சலே வரவில்லை. அடுத்த வாரம் வந்தது, பழையபடி இல்லை, அளவாக.

இரண்டு கிழமை கழித்து வாசலில் ஒரு அறிவித்தல் தொங்கியது. மேலே நொஸ்க். கீழே, இவர் தன் முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த தமிழ்: படிகளில் சுடுதண்ணீர் ஊற்றுதல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. எட்டு வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது ஒரே வீடு. நான் எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்தேன். ஒஸ்லோவில் ஒரு பொதுச்சுவரில் தமிழ் எழுத்தைக் கண்டது எனக்கு அதுதான் முதல்தரம். ஃப்ரீடா பக்கத்தில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கடை பாஷையிலை ஏன் இல்லை?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான் எல்லாம் விளங்குமே" என்றேன். அந்த வசனத்தை நான் தடக்காமல் சொன்னேன்.

இன்றைக்கும் ஒவ்வொரு கார்த்திகையும் அந்த அறிவித்தல் தூசி தட்டி மாட்டப்படுகிறது. பக்கத்து ஊரான திராமனிலிருந்து உறவுக்காரர் வந்தால் வாசலில் நின்று வாசித்துவிட்டு, சிரித்துக்கொண்டுதான் மேலே வருவார்கள்.

"அக்கா, ஆர் அந்த விசரர், பனிக்குள்ளை சுடுதண்ணி ஊத்தினது?"

"எதிர்வீட்டிலை சுவீடன் பெட்டையள் ரெண்டு இருந்தவை" என்பேன் நான்.

"அப்ப ஏன் தமிழிலை எழுதிக் கிடக்கு?"

அதற்கு நான் தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவேன். உடனே இவர் கதிரையில் இருந்தபடி எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்:

"அவ தண்ணி கொதிக்க வைக்கப் போறா. காலைத் தூக்கி வைச்சிருங்கோ."

பிள்ளைகள், மருமக்கள், வந்த சனம் எல்லாரும் ஒன்றாகக் காலைத் தூக்குவார்கள். நானும் குசினியில் நின்று சிரிப்பேன், எல்லாரோடும் ஒரே நேரத்தில்.